கெவெலாரில் எரியும் மெழுகுதிரிகள்

ஜேர்மனியின் மேற்கெல்லையில், ஒல்லாந்து நாட்டை அண்மித்து அமைந்துள்ள சிறு நகரம் கெவெலார். ஓகஸ்ட் மாத நடுப்பகுதியில் ஆண்டுதோறும் ஒரு சனிக்கிழமையன்று அந்நகரின் வீதிகளிற் கேட்பது தமிழ்மொழியே. ஐரோப்பாவின் பல திசைகளிலிருந்தும் நம்மவர் பல்லாயிரக்கணக்கிற் கூடுகின்றனர். கத்தோலிக்கர் மட்டுமன்றிச் சைவர்களும் பெருந்தொகையாய் வருகின்றனர். திருப்பலி முடிந்ததும் பெரும்பாலானோர் நாடுவது மெழுகுதிரி ஏற்றும் இடத்தையே. அங்கு நிற்போரின் உதடுகள் முணுமுணுப்பவற்றுட் பெரும்பகுதி இறந்தோரின் பெயர்கள். இவ்வூருக்கும் துயருற்றோருக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று என்பதை நம் இளந்தலைமுறையினர் அறிந்திருத்தல் நன்று.

1618 முதல் 1648 வரை ஐரோப்பாவைச் சிதைத்த முப்பதாண்டுப் போரின் நடுவிலேதான் இத்திருத்தலம் தோன்றிற்று. போரும் கொள்ளைநோயும் ஊர்களை வெறுமையாக்கியிருந்தன. 1641ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில், ஹென்றிக் புஸ்மன் எனும் ஏழை வணிகர் கெவெலாருக்கு அருகே ஒரு வீதியோரச் சிலுவையின் முன் செபிக்கையில், "இவ்விடத்தில் எனக்கு ஒரு சிற்றாலயம் அமைப்பாய்" என்னும் குரலைக் கேட்டாராம். அவ்வழியே சென்ற வேறு நாட்களிலும், மொத்தம் மூன்று முறை, அக்குரல் ஒலித்ததாக அவர் கூறினார். அவருடைய மனைவி மெக்கெல் ஓரிரவில் பேரொளியின் நடுவே ஒரு சிற்றாலயத்தையும் அதனுள் ஒரு படத்தையும் கண்டார். முன்னர் படைவீரர் சிலர் அவரிடம் காட்டிச்சென்ற லக்சம்பேர்க் மாதாவின் அச்சுப்படமே அது. அப்படங்கள் கெம்பென் நகரிற் சிறைப்பட்டிருந்த ஒரு படை அதிகாரிக்கு உரியவை என்பர். சிறையிருந்தவனின் கைக்குரிய பொருளொன்று இத்தலத்தின் மூலமாயிற்று என்பதை நான் எப்போதும் வியப்புடன் நினைப்பதுண்டு.

1642 யூன் முதலாந் திகதி அப்படம் புஸ்மன் கட்டிய சிறு தூணில் வைக்கப்பட்டது. உள்ளங்கை அளவே உள்ள வெறுங் கடதாசிப் படம் அது. 'துயருறுவோரின் ஆறுதல்' என்பதே அன்னைக்கு அங்கு வழங்கும் பெயர். மெழுகுதிரிச் சிற்றாலயம் 1645இல் நிறைவுற்றது. படத்தைச் சூழ்ந்து நிற்கும் அறுகோணச் சிற்றாலயம் 1654இல் எழுந்தது. 1987 மே 2இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரும் இங்கு வந்து செபித்தார்.

நம்மவர் இதனை ஏன் மருதமடுவுக்கு ஈடாகக் கொண்டனர் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிக் கத்தோலிக்கரைத் துன்புறுத்தியபோது, மாந்தை மக்கள் தம் அன்னையின் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடினர். அவ்வன்னையே மடுமாதா. 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது அதே சொரூபம் மீண்டும் இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குச் சென்றது. எங்கள் அன்னையும் ஏதிலிதான் என்று மன்னார்ப் பெண்கள் சொல்வதில் மிகையில்லை.

ஊரில் இறந்தோரை நினைப்பதற்குரிய நாள் நவம்பர் 2, சகல ஆன்மாக்கள் தினம். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பிரான்சின் குளூனி மடத்து அதிபர் ஓடிலோ தம் மடங்களில் தொடக்கிய வழக்கம் அது. அன்று சேமக்காலையிற் புல் செருக்கி, கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, பூவைத்துத் திரி கொளுத்துவோம். குருவானவர் தீர்த்தம் தெளித்து வருவார். 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேற்றப்பட்ட மக்களுக்கு அந்த நாளும் மறுக்கப்பட்டது. மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017இலேயே விடுவிக்கப்பட்டது. கல்லறை இருந்தும் அதனைக் காண இயலாது இருபத்தேழு ஆண்டுகள்!

புரட்டஸ்தாந்தினர் இறந்தோருக்காக மன்றாடுவதில்லை. எனினும் அவர்களும் மறப்பதில்லை. நெப்போலியனோடு நடந்த போர்களின் பின், 1816இல் பிரஷ்ய மன்னர் மூன்றாம் பிரடெரிக் வில்லியம் திருவருகைக் காலத்துக்கு முந்திய ஞாயிறை இறந்தோர் நினைவுக்கென ஒதுக்கினார். அன்று இந்நாட்டு ஆலயங்களில் அவ்வாண்டில் மரித்தோரின் பெயர்களை ஒவ்வொன்றாய் வாசிப்பர். அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணத்தில் இறங்கியதும் அதே 1816இற்றான். பெயரை உரத்து வாசிப்பது எளிய செயலே, ஆயினும் கேட்டு நிற்போருக்கு எளிதன்று.

இங்கு ஒன்றைக் குறிப்பிடல் வேண்டும். ஜேர்மனியில் கல்லறை நிலையானதன்று. அந்தந்த ஊர்ச் சட்டத்தின்படி பெரும்பாலும் பதினைந்து முதல் முப்பது ஆண்டுகளே தவணை. நாமே இடந்தெரிந்து வாங்கிய கல்லறையின் தவணையைப் பணம் செலுத்தி நீட்டலாம். வரிசைக் கல்லறையை நீட்ட இயலாது. எண்பதுகளில் வந்து இம்மண்ணில் அடங்கிய நம் முதியோர் சிலரின் தவணை முடிந்துவிட்டது. பிள்ளைகள் பத்திரங்களை எடுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

கல்லறையே இல்லாதோரின் நிலை வேறு. 1995 யூலை 9இல் நவாலி புனித பேதுருவானவர் ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தோர் மீது குண்டு வீழ்ந்தது. அங்கு மாண்டோருக்கேனும் நாளும் இடமும் உண்டு. 2006 ஓகஸ்ட் 20இல் அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார் காணாமற் போனார். புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் பிரான்சிஸ் ஜோசப் அடிகளார் 2009 மே மாதம் சரணடைந்த மக்களோடு வட்டுவாகலிற் சென்றவர், திரும்பவில்லை. இவ்வாறானோர் குடும்பங்களுக்குக் கோயிலில் எழும் கேள்வி கொடியது: பூசையை உயிரோடிருப்பவருக்கென்று ஒப்புக்கொடுப்பதா, மரித்தவருக்கென்று ஒப்புக்கொடுப்பதா? மரித்தவர் என்று எழுதிக் கொடுப்பதே மகனைத் தன் கையாற் கொன்றதற்குச் சமம் எனத் தாய்மார் அஞ்சுகின்றனர். அவர்களை அவசரப்படுத்துதல் தகாது என்பதே என் எண்ணம். இறைவன் முன் காலமில்லை எனில், மன்றாட்டு அதற்குரிய இடத்தைத் தானே அடையும்.

கெவெலாரில் ஏற்றும் திரிக்கு அந்தக் கேள்வி கிடையாது. எவரும் பெயர் கேட்பதில்லை, படிவம் நிரப்பச் சொல்வதுமில்லை. சேலைத் தலைப்பாற் காற்றை மறைத்து, பக்கத்துத் திரியிலிருந்து நெருப்பெடுத்து ஏற்றிவிட்டு, அடுத்தவருக்கு இடம்விட்டு நகர்கின்றனர். பக்கத்துத் திரி யாருக்காக எரிகின்றது என்று வினவுவாரும் இல்லை.