மணியக்காரர் சத்திரமும் கஞ்சித்தொட்டியும்

சேலையூர், தாம்பரம் முதலிய ஊர்களைத் தன்னகத்தே கொண்ட செங்கற்பட்டுச் சீமை, 1763-இல் ஆர்க்காட்டு நவாபினால் கிழக்கிந்தியக் கும்பினிக்கு ஜாகீராக அளிக்கப்பெற்றது. 1780-இல் ஐதர் அலியின் படை புகுந்தபோது இச்சீமையின் விளைநிலங்கள் பாழாயின. குடிகள் பலர் சென்னைக்கு ஓடிவந்தனர். அடுத்த ஆண்டுகளில் சென்னையையே பஞ்சம் பற்றியது. வடசென்னையில் மணியக்காரர் ஒருவர் சத்திரத்தில் ஏழைகட்குக் கஞ்சி வார்க்கப்பட்டதும், 1782-இல் அது நிலையான அறச்சாலையாக உருப்பெற்றதும் அப்போதுதான்.

இவ்வறச்சாலைக்குப் பெயர்கள் இரண்டு. ‘மணியக்காரர்’ என்னும் சொல் ஆங்கிலேயர் வாயில் ‘மானிகர்’ எனத் திரிந்து, ஆவணங்களில் அவ்வாறே நிலைத்தது. மக்களோ ‘கஞ்சித்தொட்டி’ என்றனர். முன்னது கொடுத்தவரைச் சுட்டும். பின்னது பெற்ற பொருளைச் சுட்டும். 1799-இல் ஜான் அண்டர்வுட் என்னும் மருத்துவர் இங்குத் தொடங்கிய மருத்துவமனை, பிற்காலத்தில் ஸ்டான்லி மருத்துவமனையாக வளர்ந்து, 1938-இல் கல்லூரியும் பெற்றது. ஆளுநர் பெயர் வாயிற்பலகையில் ஏறிய பின்னரும் ‘கஞ்சித்தொட்டி ஆசுபத்திரி’ என்னும் வழக்கு ஒழியவில்லை. நம் சமூக வரலாறு எழுதப் புகுவார்க்கு இத்தகைய வழக்குகள் கல்வெட்டினும் குறைந்த சான்றுகள் ஆகா.

இதனை மேனாட்டு ஏழையர் உழைப்பில்லத்தோடு ஒன்றெனக் கருதுவார் உளர். அது பொருந்தாது. இங்கிலாந்தில் 1834-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த நெறி, உழைக்கும் ஏழையின் நிலையினும் இல்லத்தார் நிலை தாழ்ந்திருத்தல் வேண்டும் என்பது. வேறு வழியற்றவரன்றிப் பிறர் நாடாவண்ணம் அவ்வில்லத்தை அச்சத்திற்குரியதாக்குவதே அதன் கருத்து. பசித்தவனை ஐயுற்றுச் சோதிக்கும் நெறி அது. சத்திரமோ பசியையன்றி வேறு சான்று வேண்டுவதன்று. மணிமேகலையில் சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆனதற்கு ஒரு காதையே உண்டு. உழைப்பில்லமோ அறக்கோட்டத்தைச் சிறைக்கோட்டமாக்கியது எனலாம்.

ஈண்டு ஒரு வியப்பு. இந்நாட்டில் 1869, 1874-ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் அரசு உழைப்பில்லங்களுக்கு இடம் வகுத்தது தமிழ் ஏழைகட்காக அன்று. வேலையின்றித் திரிந்த ஐரோப்பியர்க்காக. ஆளும் இனத்தார் தெருவில் இரந்து நிற்பது ஆட்சியின் மதிப்பைக் கெடுக்கும் என்னும் அச்சமே காரணம் போலும்.

எனினும் உழைப்புச் சோதனை தமிழரை விட்டுவைக்கவில்லை. 1876-78 பெரும்பஞ்சத்தில், உடல் வலியுடையார் நிவாரணப் பணியில் உழைத்தாலன்றி உதவி பெறார் எனப்பட்டது. சர் ரிச்சர்டு டெம்பிள் 1877 தொடக்கத்தில் வகுத்த கூலி, வளர்ந்த ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவுமே. மண் சுமப்பவனுக்கு இது போதாது என்றும், ஒன்றரைப் பவுண்டுக்குக் குறையலாகாது என்றும், காய்கறியும் சத்துணவும் உடன்வேண்டும் என்றும் சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதிட்டார். அவர் கேட்டதில் பாதியளவே உயர்த்தி, சிறிது பருப்பும் சேர்க்க மாகாண அரசு இசைந்தது மார்ச்சில். அடையாற்றையும் கூவத்தையும் இணைத்த பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி இப்பஞ்சக் கூலியால் வெட்டப்பட்டதே. கால்வாய்க்கு ஆளுநர் பெயர் வாய்த்தது. வெட்டியவர் பெயர்களுள் ஒன்றேனும் அதற்கு வாய்க்கவில்லை.

இதே காலத்தில் வடலூரில் வேறொரு நெறி நின்றது. இராமலிங்க அடிகள் 1867 மே 23-இல் நிறுவிய சத்திய தருமச்சாலையில் சாதியும் சமயமும் வினவப்படவில்லை, உழைப்பும் கேட்கப்படவில்லை. அங்கு மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாது எரிகின்றது.

அரசின் நெறி வேறு திசையிற் சென்றது. 1880-ஆம் ஆண்டுப் பஞ்ச ஆணையத்தின் வழியே பஞ்ச விதிகள் பிறந்தன. அவற்றிலும் உழைப்பே முதல் நிபந்தனை. 1945-இல் சென்னை மாகாணச் சட்டம் ஒன்று இரத்தலையே குற்றமாக்கியது. கஞ்சித்தொட்டிக்கு வந்து நின்ற செங்கற்பட்டுக் குடிகள் அச்சட்டத்தின் காலத்தில் வந்திருப்பரேல், ஏந்திய கையே அவர்கள்மீது வழக்காகியிருக்கும்.