சாப்பிட்டால் வயிற்று வலி: காரணத்தைக் கண்டறிய உதவும் நரம்பு ஊசி

சாப்பிட்ட சிறிது நேரத்தில் மேல் வயிற்றில் வலி. வலிக்குப் பயந்து சாப்பாட்டைக் குறைப்பதால் எடையும் குறைகிறது. எண்டோஸ்கோப்பி, ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். 'கேஸ்', 'அல்சர்' என்று சொல்லி, கடைசியில் 'மனசுதான் காரணம்' என்று அனுப்பப்படும் இவர்களில் சிலருக்குக் கோளாறு நரம்பில் இருக்கலாம். இளம் பெண்களிடம் இது அதிகம் காணப்படுவதால், சாப்பிட அடம்பிடிக்கிறாள் என்று வீட்டிலேயே திட்டு வாங்குவதும் உண்டு.

குடலின் அசைவையும் செரிமான நீர் சுரப்பதையும் நம்மைக் கேட்காமலே நடத்துவது தன்னியக்க நரம்பு மண்டலம். அதன் பெரிய சந்திப்பு ஒன்று இரைப்பைக்குப் பின்னால், மகாதமனியை ஒட்டி இருக்கிறது. பெயர் சீலியாக் நரம்புப் பின்னல். உதரவிதானத்தின் தசைநார் வளைவு சிலருக்குச் சற்றுக் கீழே அமைந்து, இந்தப் பின்னலையும் அருகிலுள்ள சீலியாக் தமனியையும் அழுத்துகிறது. 1965ல் இதை விவரித்த டன்பாரின் பெயராலும் இந்நோய் அழைக்கப்படுகிறது.

சிக்கல் என்னவென்றால், எந்த வலியும் இல்லாத பலருக்கும் ஸ்கேனில் இதே அழுத்தம் தெரியும். அப்படியானால் அறுவை சிகிச்சை செய்து தசைநாரை வெட்டலாமா, வேண்டாமா? இங்கேதான் ஊசி உதவுகிறது. சி.டி. ஸ்கேன் அல்லது எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட் பார்த்தபடி, பின்னலைச் சுற்றி மரத்துப்போகும் மருந்தைச் செலுத்துவார்கள். பிறகு வழக்கமாக வலி தரும் உணவையே சாப்பிடச் சொல்வார்கள். மருந்தின் வேலை சில மணி நேரம்தான். அதற்குள் வலியின்றிச் சாப்பிட முடிந்தால், வலி அந்த நரம்புகள் வழியாக வருகிறது என்று கொள்ளலாம். முடியாவிட்டால் வேறு காரணம் தேட வேண்டும். ஊசி போட்டதே ஒரு நம்பிக்கையைத் தந்து வலி குறைவதும் உண்டு. எனவே இந்த ஒன்றை மட்டும் வைத்து ஆபரேஷனுக்குச் சம்மதிப்பது சரியல்ல.

ஊசிக்குப் பின் ரத்த அழுத்தம் இறங்கலாம், வயிற்றுப்போக்கு வரலாம். பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். கணையப் புற்றுநோய் வலிக்கு இதே இடத்தில் ஆல்கஹால் செலுத்தி நரம்பை அழிப்பார்கள். அது வேறு, கண்டறிவதற்கான ஊசியில் நரம்பு அழிக்கப்படுவதில்லை.

நீண்டகாலச் சர்க்கரை நோயால் தன்னியக்க நரம்பு பாதித்து, இரைப்பை மந்தமாகி, வாந்தியும் வயிறு நிறைந்த உணர்வும் வருபவர்களுக்கு இந்த ஊசி பயன்படாது. உணவு இரைப்பையை விட்டு வெளியேறும் வேகத்தை 4 மணி நேரம் வரை அளக்கும் ஸ்கேன்தான் அவர்களுக்கு உரியது.