பழவேற்காட்டுப் பெரிய காத்ரின்

காட்டுப்பள்ளிக்கு வடக்கே, பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்கு வருகிறவர்கள், வாசலில் நிற்கும் எலும்புக்கூட்டுச் சிற்பங்களைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். உள்ளே கல்லில் பெயர் வெட்டிக் கிடப்பவர்கள் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகர்கள், அதிகாரிகள், அவர்கள் வீட்டார். 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டிய அந்தக் கம்பெனி துணியை மட்டுமா கப்பலேற்றியது? பஞ்சத்திலும் போரிலும் விலைபோன மனிதர்களையும் ஏற்றியது. அவர்களுக்கு இந்தத் தோட்டத்தில் கல் இல்லை.

அப்படிக் கப்பலேறிய ஒருத்தியின் வம்சம் துலங்கியிருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் ஸ்னைமன் என்ற குடும்பப் பெயருடைய வெள்ளையர் நிறைய. அவர்கள் வேரைத் தேடிப் பின்னே போனால், 1669இல் கேப் குடியேற்றத்தில் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்டோஃபல் என்ற குழந்தையிடம் வந்து நிற்பார்கள். தகப்பன் கம்பெனியின் ஜெர்மானியச் சிப்பாய். தாயை டச்சு ஏடுகள் 'பாலியகாட்டாவின் பெரிய காத்ரின்' என்கின்றன. பாலியகாட்டா என்பது நம் பழவேற்காடுதான். பெற்றவர்கள் வைத்த பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

பத்தேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) அடிமையாக இருந்தவள் அவள். தன்னைத் தாக்கிய காதலனைக் கல்லால் அடிக்க, அவன் இறந்தான். 1656இல் விதித்த மரண தண்டனை ஆயுள் நாடுகடத்தலாகக் குறைந்தது. மறு ஆண்டு கேப்பில் இறங்கினாள். அங்கே கோட்டையில் துணி வெளுத்தாள். பின்னாளில் விடுதலை பெற்று வங்காளத்து அந்தோணி என்பவரை மணந்தாள். மகன் கிறிஸ்டோஃபலோ பிரெஞ்சு ஹியூகனாட் குடும்பத்துப் பெண்ணைக் கட்டினான்.

இத்தனையும் நமக்குத் தெரிவதற்குக் காரணம் அவள் குற்றவாளியானதே. யாரையும் அடிக்காமல் வெளுத்துக்கொண்டே இருந்திருந்தால் ஏடு அவளை ஏறிட்டும் பார்த்திருக்காது. அமெரிக்காவிலும் இதே கதைதான். 1635இல் வர்ஜீனியாவில் ஒருவர் நிலம் கேட்டுக் கொடுத்த ஆள்கணக்கில் 'கிழக்கிந்தியன் டோனி' என்று ஒருவன் வருகிறான். அவனை அழைத்து வந்த கணக்குக்கு நிலம் கிடைக்கும், ஆகவே எழுதினார்கள். ஆனால் டோனிக்கு ஊர் இல்லை. காத்ரினுக்கு ஊராவது மிஞ்சியது.

நம்மிடமும் ஓர் ஏடு உண்டு. பழவேற்காட்டு ஏரியில் பாடு (முறைவைத்து மீன்பிடிக்கும் இடம்) போடும் குப்பங்களில், யாருக்கு எந்த நாளில் எந்தப் பாடு என்ற முறை தகப்பன் வழியாகவே வருகிறது. தலைக்கட்டுகளைத் தொடர்ந்து படித்தால் அது ஒரு வம்சாவளிதான். ஆனால் அந்த உரிமை ஆண்களுடையது. மகளும் மனைவியும் அதில் இல்லை. கம்பெனியை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

ஏட்டில் ஏறாத அந்தப் பெண்களின் பெயர்கள் நினைவில்தான் மிஞ்சும்; ஆனால் துறைமுகத்துக்காகக் காட்டுப்பள்ளிக் குப்பமே இடம் மாறிவிட்டது. பழைய வீடுகளின் வரிசை சொல்லக்கூடிய கிழவிகள் இன்னும் இருக்கிறார்கள். இதைப் படிக்கும் இளைஞர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர்களிடம் போய் உட்கார வேண்டும். முதல் கேள்வி: "ஆயா, உங்க அம்மா பேரு என்ன? எந்தக் குப்பத்திலேர்ந்து வந்தாங்க?"