சன்னிவேல் மதுக்கடையில் ஒரு மரப்பெட்டி

காசிட்டு ஆடும் மின்னணு ஆட்டப்பெட்டிகளின் வரலாற்றை எழுதுவோர், அவற்றை விற்றவரின் பெயரையே முதலில் எழுதுவர். பலகையை அறுத்தவரும் கம்பியைப் பற்றவைத்தவரும் பின்வரிசையில் நிறுத்தப்படுவர். கலிபோர்னியா மாநிலத்தில் 1972ஆம் ஆண்டு உருவான 'போங்' ஆட்டத்திற்கும் இதுவே நேர்ந்தது.

நோலன் புஷ்னெலும் டெட் டாப்னியும் ஆம்பெக்ஸ் நிறுவனத்தில் உடன் பணியாற்றிய பொறியாளர்கள். இருவரும் உருவாக்கிய 'கம்ப்யூட்டர் ஸ்பேஸ்' என்னும் ஆட்டத்தை 1971இல் வேறொரு நிறுவனம் வெளியிட்டது. அதற்கான பட்டறையாகத் தம் மகளின் படுக்கையறையே பயன்பட்டதென டாப்னி பின்னாளில் கூறினார். ஆளுக்கு 250 டாலர் இட்டுத் தொடங்கிய அவர்களது தொழில் 1972 ஜூன் மாதம் 'அட்டாரி' எனப் பதிவாயிற்று.

அங்குப் பணியில் சேர்ந்த ஆலன் ஆல்கார்னிடம், ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்திற்காக ஒரு பந்தாட்டம் செய்து தருமாறு புஷ்னெல் கூறினார். உண்மையில் அப்படியோர் ஒப்பந்தம் இல்லை. புதியவரின் கைக்குக் கொடுத்த பயிற்சியே அது. ஆல்கார்னோ அதை மெய்யென நம்பி உழைத்தார். இளமையில் தொலைக்காட்சிப் பெட்டிகளைப் பழுதுபார்த்த பழக்கம் அவருக்கு உதவியது. ஹிட்டாச்சி கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி ஒன்றை 75 டாலருக்கு வாங்கி மரக்கூட்டினுள் பொருத்தினார். இன்றைய கணினிகளிலுள்ள நுண்செயலி அதில் இல்லை; ஆட்டம் முழுவதும் சில்லுகளை இணைத்த மின்சுற்றாகவே இயங்கியது. மட்டையை எட்டுக் கூறாகப் பகுத்து, எக்கூற்றில் பந்து படுகிறதோ அதற்கேற்பத் திரும்பும் கோணம் மாறுமாறு செய்தார். மின்சுற்றின் குறையால் மட்டை திரையின் மேல்விளிம்பை எட்டவில்லை. அதைத் திருத்தாமல் விட்டதும் நன்றாயிற்று. இல்லையேல் தேர்ந்த இருவர் முடிவின்றி ஆடிக்கொண்டிருப்பர்!

அப்பெட்டி சன்னிவேல் நகரின் 'ஆண்டி காப்ஸ்' மதுக்கடையில் ஒரு மேசைமீது வைக்கப்பட்டது. சில நாள்களில் இயங்காமல் நின்றது. பழுதுபார்க்கச் சென்ற ஆல்கார்ன் திறந்து பார்த்தபோது, காசு விழும் கலம் கால் டாலர் நாணயங்களால் நிரம்பி வழிந்து, அதனாலேயே பொறி தடைப்பட்டிருந்தது. செய்து விற்கலாம் என்னும் துணிவு இதனால் பிறந்தது. அவ்வாண்டு நவம்பரில் வெளிவந்த போங், காலப்போக்கில் 8,000க்கும் மேல் விற்றது. பிற நிறுவனங்களும் அதைப் பார்த்துப் படியெடுத்துப் பெட்டிகள் செய்தன.

படியெடுத்தவர்களைக் குறைகூற அட்டாரிக்கு எவ்வளவு உரிமை உண்டு என்பதும் எண்ணத்தக்கதே. ரால்ஃப் பேர் வகுத்த மேசைப்பந்தாட்டத்தை மேக்னவாக்ஸ் நிறுவனம் 1972 மே மாதம் காட்சிக்கு வைத்தபோது, அதைக் கண்டவர்களுள் புஷ்னெலும் ஒருவர். வருகைப் பதிவேட்டில் அவர் இட்ட கையொப்பம் பின்னர் வழக்கில் சான்றாயிற்று. 1976இல் அட்டாரி பணம் செலுத்தி உரிமம் பெற்று உடன்பாடு கண்டது.

டாப்னி 1973இலேயே தம் பங்கை விற்று விலகிவிட்டார். புஷ்னெலின் பெயர் பரவியது. டாப்னி பிற்காலத்தில் மனைவியுடன் கலிபோர்னியாவின் சிற்றூர் ஒன்றில் மளிகைக்கடை நடத்தி வந்தார்; 2018இல் மறைந்தார்.