தாத்தா சாப்பிட்ட மீ

வெளிநாடு போய்வந்தவர்கள் கட்டடத்தைப் பற்றி எழுதுவார்கள், கடற்கரையைப் பற்றி எழுதுவார்கள். நான் சாப்பாட்டைப் பற்றி எழுதப் போகிறேன். சாப்பாட்டு ராமன் என்று நினைத்துக்கொண்டாலும் பரவாயில்லை. இதில் கொஞ்சம் வரலாறு இருக்கிறது. எங்கள் தாத்தாவிடம் கேட்காமல் விட்ட ஒரு மன்னிப்பும் இருக்கிறது.

முதலில் கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்வோம். எனக்கு ஊர் இரும்பை. தாத்தாவுக்குச் சொந்த ஊர் மரக்காணம். அங்கே உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர், 1951இல் நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறி பினாங்கு போனார். அப்போது அவருக்கு வயது பதினேழு. துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை. 1970இல் திரும்பி வந்து, ஆயாவைக் கட்டிக்கொண்டு இரும்பையில் தங்கிவிட்டார்.

சோறு ருசியாக இருந்தால் போதும், தாத்தா ஆரம்பித்துவிடுவார். "அந்தச் சீனன் கடையில கறி ஊத்தி, தேங்காப்பால் ஊத்தி ஒரு மீ குடுப்பான் பாரு..." உடனே ஆயா, "பாம்பும் தவளையும் தின்னுட்டு வந்த மனுசன்" என்பார். கல்யாணமான புதிதில் அவருக்குத் தனித்தட்டு வைத்திருந்தாராம். நாங்கள் பிள்ளைகள் சேர்ந்துகொண்டு, "தாத்தா, புழு தின்னியா?" என்று கேட்டுச் சிரிப்போம். அவரும் சிரிப்பார். பிறகு ஒரு கட்டத்தில் அந்தப் பேச்சையே எடுப்பதை விட்டுவிட்டார். அது ஏன் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

சரி, பினாங்குக்கு வருவோம். பட்டர்வொர்த்தில் இருக்கும் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கிருந்து படகில் ஏறினால் எதிர்க்கரை ஜார்ஜ்டவுன். ஒரு சந்தில் சீனர் நடத்தும் காப்பிக் கடை. பலகையில் மலாய் மொழியில் 'கெடாய் கோப்பி' என்று எழுதியிருந்தது. கெடாய் என்றால் வேறொன்றுமில்லை, நம்ம கடைதான்! தமிழிலிருந்து மலாய்க்குப் போன சொல். உள்ளே போனால் அதே கடையைக் 'கோப்பித்தியாம்' என்கிறார்கள். 'தியாம்' என்பது ஹொக்கியன் சீனத்தில் கடை.

கறி மீ கேட்டேன். மஞ்சள் கோதுமை நூடுல்ஸ், செக்கச்செவேல் என்று தேங்காய்ப்பால் குழம்பு, இறால், சிப்பிச் சதை, பயறு முளை, வறுத்த சோயாக்கட்டி. நடுவில் கரும்பழுப்பாகச் சில துண்டுகள். என்னவென்று விசாரித்தால், உறைந்த பன்றி ரத்தம். ஒரு நிமிடம் கை நின்றுவிட்டது. பிறகுதான் யோசித்தேன். பாம்பு, தவளை என்று திட்டிய ஆயாதான் ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ரத்தப் பொரியல் செய்து தருவார். நாங்களும் தட்டை வழித்துச் சாப்பிடுவோம். இது மட்டும் என்ன பாவம் செய்தது?

சாப்பிட்டேன். குழம்பில் காரமும் தேங்காய்ப்பாலும் முன்னே வந்தன. சீனச் சாப்பாடு என்று நான் நினைத்திருந்த ருசி அது இல்லை. எங்கேயோ நம் வீட்டு மீன்குழம்புக்குப் பங்காளி மாதிரி இருந்தது. எப்படி வந்தது இந்த உறவு?

பிரான்சிஸ் லைட் என்கிற ஆங்கிலேயர் 1786இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பினாங்கைப் பிடித்தார். தொடக்கத்தில் அது சுங்கவரி இல்லாத துறைமுகம். வணிகவியல் படிக்கிறவனுக்கு இதன் பொருள் சட்டென்று விளங்கும். வரி இல்லை என்றால் சரக்கு வரும், சரக்கு வந்தால் ஆள் வரும். சோழமண்டலக் கரையிலிருந்து தமிழ் முஸ்லிம் வணிகர்கள் வந்தார்கள். அவர்களைச் சூலியா என்றார்கள். இன்றும் அங்கே சூலியா தெரு இருக்கிறது. தெற்குச் சீனத்தின் ஃபூஜியான் மாநிலத்திலிருந்து ஹொக்கியன் மக்கள் வந்தார்கள். ஒரே தெருவில் சீனர்களின் குவான்யின் கோயிலும், 1801இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் நிற்கின்றன. அடுத்த தெருவில் 1833இல் கட்டிய மகாமாரியம்மன் கோயில். சாமிகளே இவ்வளவு பக்கத்தில் குடியிருந்தால் அடுப்புகள் மட்டும் விலகியா இருக்கும்?

சீனர் தங்கள் மீயில் நம் கறியை ஊற்றினார்கள். தமிழ் முஸ்லிம்கள் சீனரின் மீயை வாங்கி, பன்றியை விலக்கி, மிளகாய் விழுதும் உருளைக்கிழங்கும் சோயாக்கட்டியும் சேர்த்து வறுத்தார்கள். அதற்குப் பெயர் மாமாக் மீ கோரெங். மாமாக் என்பது நம்ம மாமாதான்! ஒருவர் கொடுத்தார், மற்றவர் வாங்கினார் என்று கணக்கு எழுத முடியாது. இரண்டு பக்கமும் பற்று, இரண்டு பக்கமும் வரவு.

இதைவிட ஆச்சரியம் ஒன்று உண்டு. ஹொக்கியன்காரர்களும் தமிழர்களும் சந்தித்தது பினாங்கில்தான் முதல்முறை என்று நினைத்தால் அது தவறு. ஃபூஜியானின் பெரிய துறைமுகம் சுவான்சௌ. அங்கே தமிழும் சீனமும் பொறித்த கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. 1281ஆம் ஆண்டைச் சேர்ந்தது. குப்லாய் கான் ஆட்சியில் தமிழர்கள் அங்கே சிவனை எழுந்தருளச் செய்த செய்தியைச் சொல்கிறது. இந்தப் பக்கம் நாகப்பட்டினத்தில் 'சீனக்கோபுரம்' என்று மாலுமிகள் அடையாளம் வைத்திருந்த பழைய பௌத்தக் கோபுரம் ஒன்று 1867 வரை நின்றது. பிறகு இடித்துவிட்டார்கள். கோபுரம் போய்விட்டது. ஆனால் நம் தென்மாவட்ட அடுப்படிகளில் சீனச்சட்டி இன்னும் இருக்கிறது, சீனியும் இருக்கிறது. இரண்டையும் சீனாவின் பெயரோடுதான் சொல்கிறோம்.

1960களின் கடைசியில் மலேசியாவில் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யத் தனி அனுமதி வேண்டும் என்று சட்டம் வந்தது. பினாங்கு துறைமுகத்தின் வரியில்லாச் சலுகையும் போனது. வேலை இழந்து ஊர் திரும்பிய எத்தனையோ பேரில் எங்கள் தாத்தாவும் ஒருவர். அவர் கொண்டுவந்தது ஒரு தகரப் பெட்டியும் ஒரு ருசியின் ஞாபகமும்தான். பெட்டியை நாங்கள் பத்திரமாக வைத்திருக்கிறோம். ஞாபகத்தைத்தான் கிண்டல் செய்தே மூடவைத்துவிட்டோம்.

எங்கள் பகுதிக்கு இது அழகில்லை என்று இப்போது தோன்றுகிறது. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை எங்கள் திண்டிவனம் வட்டாரத்தின் பாட்டு. நல்லியக்கோடனைப் பார்க்கப் போகும் பாணர்களுக்கு நத்தத்தனார் வழி சொல்லும்போது, எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்றும் சேர்த்தே சொல்கிறார். எயிற்பட்டினத்தில் பரதவர் வீட்டில் சுட்ட குழல்மீன் கருவாடும் கள்ளும். வேலூரில் புளிங்கறி போட்ட சோறு. ஆமூரில் நண்டோடு சோறு. அந்த எயிற்பட்டினம்தான் இன்றைய மரக்காணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அந்நியன் வந்தால் தன் சாப்பாட்டைக் கொடுப்பதும், போன இடத்தில் கொடுத்ததை மகிழ்ந்து சாப்பிடுவதும் இந்தக் கரையின் பழைய வழக்கம். தாத்தா அதைத்தான் செய்தார்.

ஊர் திரும்பியதும் ஆயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரத்தத் துண்டையும் மறைக்கவில்லை. கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "தேங்காப்பாலை முதல்லயே ஊத்துவாங்களா, கடைசியிலயா?" என்று கேட்டார்.

தெரியவில்லை ஆயா என்றேன். தாத்தாவுக்குத் தெரிந்திருக்கும்.