ஐந்து அங்குலம்

303 என்றதும் எங்களுக்கு நினைவில் வருவது பொலிஸ் நிலைய வாசலில் நின்ற துவக்குத்தான். அதன் முன்கதை தென்னாபிரிக்காவில் தொடங்குகிறது. மௌசர் ஏந்திய போயர்கள் வெகு தூரத்திலிருந்தே ஆட்களை விழுத்தினார்கள். (பிடிபட்டவர்களில் சுமார் 5,000 பேர் 1900இலிருந்து எங்கள் தியத்தலாவையில் அடைபட்டுக் கிடந்தனர்.) 1902இல் போர் ஓய்ந்தபின், காலாட்படைக்கும் குதிரைப்படைக்கும் ஒரே துவக்கென்று, 30 அங்குலக் குழலைப் பிரித்தானியர் 25 ஆக்கினர். குறிசுடுவோர் கொதித்தார்கள். அது பாதிதான் நியாயம் என்போம்: குழல் குறுகினால் ரவையின் வேகம் குறையும், குறி தானாகக் கெடாது. இழந்த வேகத்தை மீட்டது ரவைதான். 1910இல் 215 கிரெய்ன் மொட்டை ரவைக்குப் பதிலாக 174 கிரெய்ன் கூர்ரவை வந்தது. செக்கனுக்கு ஏறக்குறைய 2,440 அடி. கூர்முனைக்குள் ஈயமில்லை, அலுமினியம், பாரமெல்லாம் பின்னால். காற்றில் நேரே போன அது உடலுக்குள் நுழைந்ததும் புரண்டது. 1914இன் போரில் வைத்தியர்கள் கண்டது அந்தக் காயங்களை.