குறிப்பேடு

சட்டைப்பையில் அடங்குகிற குறிப்பேடு ஒன்று வேண்டுமென்று கடையில் கேட்டுப் பாருங்கள், 'பாக்கெட் நோட்டா?' என்பார்கள். கடைக்காரர் அறியாமலே வேர்ச்சொல்லைச் சொல்லிவிட்டார்: ஆங்கில நோட்டுக்குத் தாயான இலத்தீன் சொல் 'நோட்டா'தான், அதற்குப் பொருள், குறி.

நம் குறியோ இன்னும் நெடுந்தொலைவு நடந்த சொல். வில்லாளிக்கு அது இலக்கு. மணவீட்டார்க்கு நாள் குறித்தல். குறத்தி சொன்னால் வருவதுரைத்தல். அகத்திணையிலோ தலைமக்கள் மறைவாகச் சந்திக்கும் இடமே பகற்குறி, இரவுக்குறி. அதிலிருந்து கிளைத்த குறிப்பு, வெளிப்படைக்கு எதிராக நின்று, சொல்லாததையும் உணர்த்தும் ஆற்றலாயிற்று. குறிப்பறிதல் என்ற ஒரே தலைப்பைத் திருவள்ளுவர் இரண்டு அதிகாரங்களுக்கு இட்டிருக்கிறார். 71இல் அறியவேண்டியது அரசன் உள்ளம், 110இல் காதலியின் கண்.

ஏடு என்பது பூவின் இதழ், பாலின் மேல் படியும் ஆடை, எழுதும் பனையோலை, மூன்றும் மெல்லியவை. (காவல்நிலைய ஏட்டையாவுக்கு இங்கே இடமில்லை, அவர் 'ஹெட்' கான்ஸ்டபிள் வழி வந்தவர்.) ஓலையில் எழுத்தாணியால் கீறியவர்கள் பெரும்பாலும் புள்ளியிடுவதில்லை, எகரக் குறிலுக்கு அந்நாளில் அடையாளமே புள்ளிதான். ஆகவே பழஞ்சுவடியில் 'ஏடு' என்பதும் 'எடு' என்பதும் ஒரே தோற்றம். எதுவென்று இடம் நோக்கித்தான் படிக்கவேண்டும். இன்று நாம் எழுதும் ஏகாரத்தின் கீழ்க்கோடு வீரமாமுனிவர் தந்த சீர்திருத்தம் என்பர்.

பையில் வைக்கும் சிற்றேட்டுக்குக் 'கையேடு' அல்லவா பொருத்தம் என்பீர்கள். பொருத்தந்தான், ஆனால் அச்சொல்லை வழிகாட்டி நூல்கள் கைப்பற்றிக்கொண்டன. எஞ்சிய குறிப்பேட்டைக் கணக்குப்பதிவியல் தனக்கென ஆண்டது எனக்கு நிறைவே. அங்கே கொடுக்கல் வாங்கல் நடந்தவுடன் நாள்வரிசையில் பதிவது குறிப்பேட்டில். பின்னர் அதைக் கணக்குவாரியாகப் பிரித்துச் சேர்ப்பது பேரேட்டில். சட்டைப்பை ஏட்டின் வேலையும் அதுவே, உடனே பதிந்து பின்னர் விரிப்பது. ஆகவே பையில் வைக்க ஏடு தேர்பவர் தாளின் பளபளப்பைப் பார்க்கவேண்டாம். நின்றபடியே ஒரு கையில் விரித்து இரண்டு சொல் கீற முடிகிறதா, மாலையில் அவ்விரண்டும் முழுச்செய்தியை நினைவூட்டுகின்றனவா என்று பார்த்தால் போதும். குறிப்பேட்டிலிருந்து பேரேட்டுக்குக் கொண்டுபோவதற்குக் கணக்கர்கள் வைத்திருக்கும் பெயர், எடுத்தெழுதுதல்.